நூறு சதவீதப் பரவல்

இலக்கியா அந்த ஞாயிற்றுக்கிழமை போனில் சொன்னது ஒரே ஒரு வாக்கியம். அதில் மொத்தம் ஏழு சொற்கள். அந்த ஏழு சொற்களுக்காக ஒரு குழு அமைந்தது, இரண்டு கணக்கெடுப்புகள் நடந்தன, ராசிபுரம் பஸ் ஸ்டாண்டில் இருபதடி அகலத்தில் ஒரு ஃப்ளெக்ஸ் எழுந்து நின்றது. இலக்கியாவுக்கு மட்டும் அத்தனை நாளும் சோறு இறங்கவில்லை.

அவள் ஞானக்களஞ்சியம் மெட்ரிக் மேல்நிலைப்பள்ளியின் விடுதியில் தங்கி ப்ளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்குப் பின்னால், கரஸ்பாண்டென்ட் என்று எல்லோரும் அழைக்கும் தாளாளர் செங்கோட்டையனின் கோழிப்பண்ணை. நடுவில் ஒரு மதில்தான். அந்தப் பக்கம் கோழிகள், இந்தப் பக்கம் பிள்ளைகள். இரண்டு பக்கமும் விடியற்காலை நாலு மணிக்கு விளக்குப் போட்டுவிடுவார்கள். வெளிச்சம் கூடினால் விளைச்சல் கூடும் என்பது தாளாளர் கோழிகளிடம் கண்டு பிள்ளைகளிடம் கொண்டுவந்த முறை.

விடுதியில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஆளுக்கு ஐந்து நிமிடம் போன். ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேச வேண்டும். வார்டன் சாலம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து, பேசுவதையெல்லாம் பேச்சுப் பதிவேட்டில் எழுதிக்கொள்வார். சாலம்மாள் எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவர். ஆனால் காதில் விழுந்ததை அப்படியே எழுதுவதில் அவரை மிஞ்ச அந்தப் பள்ளியில் எந்த எம்.ஏ.வும் இல்லை. ஒரு பிள்ளை தும்மினால்கூட "தும்மினாள்" என்று எழுதி நேரம் குறிப்பார்.

இலக்கியாவின் அம்மா ராசாத்தி, நாமகிரிப்பேட்டைப் பக்கம் ஒரு சேகோ மில்லில் வேலை செய்தாள். குச்சிக்கிழங்கு என்னும் மரவள்ளிக்கிழங்கு மாவில் செய்த ஜவ்வரிசியைக் களத்தில் காயப்போடுகிற வேலை. அன்றைக்கு அம்மா போனை எடுத்தபோது அந்தப் பக்கம் கடகடவென்று ஒரே இரைச்சல்.

"என்ன சாமி, சாப்புட்டியா?"

இலக்கியா வாய் தவறிச் சொல்லிவிட்டாள்.

"இங்க முட்டைய நூல் போட்டு அறுத்துப் பாதிதான் வெக்கறாங்கம்மா."

சாலம்மாளின் பேனா ஒரு நொடி நின்று, பிறகு ஓடியது. அம்மா, "செரி சாமி, நல்லாச் சாப்புடு, நல்லாப் படி" என்று கத்திவிட்டு வைத்துவிட்டாள்.

இதில் ரகசியம் எதுவும் இல்லை. விடுதியில் தொள்ளாயிரம் பேர். தினமும் மதியம் தொள்ளாயிரம் தட்டிலும் பாதி முட்டைதான் விழும். சமையற்காரர் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு நூலை இழுத்து முட்டையை இரண்டாக்குவதைத் தொள்ளாயிரம் பேரும் வரிசையில் நின்று பார்ப்பார்கள். பார்க்கலாம். தின்னலாம். சொன்னதுதான் தப்பாகப் போயிற்று.

திங்கட்கிழமை முதல் மணிக்கே முதல்வர் நவநீதகிருஷ்ணன் அறைக்கு அழைப்பு வந்தது. மேசைமேல் பேச்சுப் பதிவேடு திறந்து கிடந்தது. அந்த வாக்கியத்துக்குக் கீழே சிவப்பு மையில் இரண்டு கோடு.

"இது உண்மையா பொய்யாங்கறது பிரச்சனையே இல்லம்மா" என்றார் முதல்வர். "நம்ம பள்ளியில ஒளிவு மறைவே கிடையாது. ஒளிவு மறைவே இல்லாத ஒரு எடத்தப் பத்தி வெளிய பேசறதுக்கு என்ன இருக்குது? சொல்லு பாக்கலாம்."



அவர் விதிப் புத்தகத்தைப் புரட்டிப் பதினாலாம் விதியைப் படித்தார். பள்ளியைப் பற்றிய செய்தியை வெளியாரிடம் சொன்னால், எழுத்து மூலம் எச்சரிக்கை. பரப்பினால், டி.சி. கொடுத்து அனுப்பிவிட வேண்டும்.

"சார், எங்கம்மாகிட்ட மட்டுந்தானுங்க சார் சொன்னேன்."

"எல்லாரும் அப்பிடித்தாம்மா ஆரம்பிக்கறாங்க. நீ செஞ்சது சொன்னதா, பரப்புனதா? அத நானோ நீயோ முடிவு பண்ண முடியாது. அதுக்கொரு குழு போடறோம். அதுவரைக்கும் உனக்குப் போன் கெடையாது, உன் ஹால் டிக்கெட்டும் பீரோவுல இருக்கட்டும்."

பொதுத்தேர்வுக்குச் சரியாக இரண்டு வாரம் இருந்தது. முதல்வர் பீரோவைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். ஹால் டிக்கெட் இல்லாவிட்டால் தேர்வு இல்லை. தேர்வு இல்லாவிட்டால் அடுத்த மாதமே அம்மாவுக்குப் பக்கத்தில் களத்தில் நிற்க வேண்டியதுதான். அம்மாவுக்கு அவள் பத்தாவதில் எடுத்த மார்க் மனப்பாடம். மில்லில் கேட்டவர்களுக்கும் சொல்லுவாள், கேட்காதவர்களுக்கும் சொல்லுவாள்.

விடுதிக்கு வந்ததும் பக்கத்துக் கட்டில் தனப்பிரியா கேட்டாள்.

"ஏம்புள்ள, முட்டையப் பத்தியா சொன்ன?"

"ஆமா."

"நல்லவேள, சாம்பாரப் பத்திச் சொல்லல. சொல்லியிருந்தீன்னா தூக்குலயே போட்டிருப்பாங்க."

இலக்கியாவுக்குச் சிரிப்பு வரவில்லை. போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டு, நான் சொன்னேனா பரப்பினேனா, சொன்னேனா பரப்பினேனா என்று கேட்டுக்கொண்டே கிடந்தாள். நாலு மணிக்கு விளக்குப் போட்டார்கள். மதிலுக்கு அந்தப் பக்கம் கோழிகளும் எழுந்துகொண்டன.

'பரப்புதல்' பொருள் ஆய்வுக் குழு செவ்வாய்க்கிழமை கூடியது. முதல்வர் தலைவர். தமிழாசிரியர் தமிழரசுவும் இயற்பியல் ஆசிரியர் குணசீலனும் உறுப்பினர்கள். இலக்கியா கதவோரம் நிறுத்தி வைக்கப்பட்டாள். தமிழரசு ஒரு தலையணை அளவு அகராதியோடு வந்திருந்தார். பதினேழு ஆண்டுகளில் அவரிடம் ஒரு சொல்லுக்குப் பொருள் கேட்டு யாரும் ஆள் அனுப்பியதில்லை. அன்றைக்குச் சலவைச் சட்டை போட்டிருந்தார்.

"ஐயா, பாயை விரிக்கிறோம், பரப்புவதில்லை. நெல்லைப் பரப்புகிறோம், விரிப்பதில்லை. விதையைத் தூவுகிறோம். குவிந்து கிடக்கும் ஒன்றை இடம் முழுக்கப் போகும்படி செய்தால்தான் அதற்குப் பரப்புதல் என்று பேர். நோயைப் பரப்பலாம், கொள்கையைப் பரப்பலாம். ஆனால் எத்தனை பேரிடம் போனால் பரப்பியதாகும்? ஒரே ஒருத்தரிடம் போனதைப் பரப்புதல் என்று நான் எழுதிக் கொடுத்தால், அகராதி என்னை மன்னிக்காது."

"அகராதிய உடுங்கய்யா" என்றார் முதல்வர். "கரஸ்பாண்டென்ட் மன்னிக்கோணுமல்ல?"

தமிழரசு அகராதியை மூடினார். "ஒருத்தரிடம் சொன்னாலும் பரப்புதல்தான் என்று சில இடங்களில் வழக்கு உண்டு" என்றார்.

அப்போது குணசீலன் குறுக்கே புகுந்தார்.

"அளக்காம நான் எதுலயும் கையெழுத்துப் போடறதில்லைங்க. சேதி மொதல்ல எத்தன பேருக்குத் தெரிஞ்சிருந்துச்சு, அப்பறம் எத்தன பேருக்குத் தெரிஞ்சுது? ரெண்டுக்கும் உள்ள வித்தியாசந்தான் பரவல். கணக்கெடுத்துரலாம்."

இது எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. ஆனால் கணக்கெடுப்பு எதைப் பற்றி என்று பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டுமே? சுற்றறிக்கை விட்டார்கள்.

அந்தப் பள்ளியில் சுற்றறிக்கைக்கு ஒரு முறை உண்டு. பொருள் இன்னதென்று முழுதாக மேற்கோளிட்டு எழுத வேண்டும். உதவியாளர் கருப்பண்ணன் சுற்றறிக்கை நோட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஒவ்வொரு வகுப்பாகப் போவார். ஆசிரியர் அதைத் தமிழில் ஒரு முறை, ஆங்கிலத்தில் ஒரு முறை உரக்கப் படித்து, பிள்ளைகளுக்குப் புரிந்ததா என்று கேட்டு, கையெழுத்துப் போட வேண்டும். எல்.கே.ஜி.யிலிருந்து ப்ளஸ் டூ வரை விலக்குக் கிடையாது. மழை விடுமுறைக்கும் இதே முறைதான். கருப்பண்ணன் எல்லா வகுப்பையும் முடிப்பதற்குள் மழை நின்றுவிடும்.

அன்றைய சுற்றறிக்கை இப்படி இருந்தது: "பொருள்: 'இங்க முட்டைய நூல் போட்டு அறுத்துப் பாதிதான் வெக்கறாங்கம்மா' என்னும் செய்தி. இச்செய்தியை இதற்கு முன் கேள்விப்பட்டதுண்டா என மாணவர்கள் ஆம் அல்லது இல்லை என எழுதித் தரவும். இச்செய்தியை எவரும் பரப்பக் கூடாது."

வேதியியல் ஆசிரியை தன் வகுப்பில் இதைப் படித்தபோது, ப்ளஸ் டூ 'பி' பிரிவு முழுக்கத் திரும்பி இலக்கியாவைப் பார்த்தது. அவள் புத்தகத்துக்குள் முகத்தை வைத்துக்கொண்டாள். எல்.கே.ஜி.யில் பிள்ளைகளுக்குப் புரிய வேண்டும் என்று ஆசிரியை கையால் நடித்துக் காட்டினாராம். முட்டை, நூல், சர்ரக். மதியத்துக்குள் எல்.கே.ஜி. வராந்தாவில் அறுபது குழந்தைகள் ஒரு கையை உருட்டிப் பிடித்து மறு கையால் சர்ரக், சர்ரக் என்று இழுத்துக்கொண்டிருந்தன. சாயங்காலம் வேனில் ஏறிய பிறகும் நிறுத்தவில்லை.

மூவாயிரத்து இருநூறு பேரும் எழுதிக் கொடுத்தார்கள். வீட்டிலிருந்து வருகிறவர்கள் இல்லை என்று எழுதினார்கள், அவர்களுக்கு இது புதுச் சேதி. விடுதிப் பிள்ளைகளும் பயத்தில் இல்லை என்றே எழுதினார்கள். தனப்பிரியா மட்டும் ஒரு வரி சேர்த்திருந்தாள்: "கேள்விப்பட்டதில்லை. தினமும் பார்க்கிறேன்."

கேட்காத கேள்விக்கு விடை என்று குணசீலன் அதைத் தள்ளிவிட்டார்.

"பூச்சியம்" என்று அறிவித்தார். "போன வாரம் வரைக்கும் ஒரு புள்ளைக்குக்கூடத் தெரியாதுங்க."

இலக்கியாவுக்கு உயிர் வந்தது. யாருக்கும் தெரியாது என்றால் யாரும் பரப்பவில்லை என்றுதானே? ஆனால் கணக்கெடுப்பு என்றால் முன், பின் என்று இரண்டு வேண்டும். குணசீலன் சுத்தமான ஆள். அடுத்த திங்கட்கிழமை கருப்பண்ணன் மறுபடி நோட்டோடு கிளம்பினார். இந்த முறை கேள்வி: "இப்போது கேள்விப்பட்டிருக்கிறீர்களா?"

மூவாயிரத்து இருநூறு பேரும் ஆம்.

முதல்வர் அந்தத் தாளைப் பார்த்து நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். "நூறு சதவீதமா?"

"நூறு சதவீதமுங்க."

"ஒருத்தர்கூட விடுபடலையா?"

"எல்.கே.ஜி. உள்பட."

முதல்வரின் முகத்தில் ஒரு பெருமை படர்ந்ததை இலக்கியா கதவோரத்திலிருந்து தன் கண்ணால் பார்த்தாள். அது கோபமாக மாறக் கொஞ்ச நேரம் பிடித்தது. "பாத்தியாம்மா? ஒரே வாரத்துல பூச்சியத்துல இருந்து நூறு! நம்ம வாத்தியாருங்க அஞ்சு வருசமாப் பாடுபட்டும் ஆங்கிலத்துல இது வரல. நீ ஒத்த ஆளா நின்னு சாதிச்சுட்ட. பரப்புதல்னா இதுதான்!"

"சார், நான் எங்கம்மாகிட்ட மட்டுந்தானுங்க..."

"உங்கம்மாவ நாளன்னைக்கி வரச் சொல்லி ஆபீசுல இருந்து போன் போடுவாங்க. டி.சி.ல கையெழுத்துப் போடோணும்."

இதற்கிடையில் ஆபீசில் ஒரு காரியம் தானாக நடந்துவிட்டது. அந்தப் பள்ளியில் நூறு சதவீதம் என்ற சொல் காதில் விழுந்தால் ஆபீஸ் கிளார்க் உடனே ராசிபுரம் ஃப்ளெக்ஸ் கடைக்குப் போன் போட வேண்டும். இது தாளாளர் நிலையாகப் போட்டுவைத்த உத்தரவு. எதில் நூறு, ஏன் நூறு என்று கேட்பது கிளார்க்கின் வேலை இல்லை. விவரம் கேட்டார் கடைக்காரர். கிளார்க் சுற்றறிக்கையை எடுத்து அப்படியே படித்தார்.

புதன்கிழமை காலை ராசாத்தி கூலியை விட்டுவிட்டு, நாமகிரிப்பேட்டையில் பஸ் ஏறி, ராசிபுரத்தில் இறங்கினாள். பள்ளிக்குப் போகும் வெண்ணந்தூர் பஸ்ஸுக்கு நிற்கும்போது எதிரே அந்த ஃப்ளெக்ஸ். நடுவில் தாளாளர் செங்கோட்டையன் கைகூப்பி நின்றார். ஒரு பக்கம் வேக வைத்த முட்டை, மறு பக்கம் அதே முட்டை நூலால் அறுபட்டு, மஞ்சள் கரு தெரிய இரண்டாகக் கிடந்தது. சும்மா எழுத்தாக இருந்தால் எடுபடாது என்று கடைக்காரர் படத்தைத் தன் செலவில் சேர்த்திருந்தார். மேலே கொட்டை எழுத்தில்: "'இங்க முட்டைய நூல் போட்டு அறுத்துப் பாதிதான் வெக்கறாங்கம்மா' — ஒரே வாரத்தில் 100% பரவல்! பரப்பாதீர்!" கீழே, அட்மிஷன் நடைபெறுகிறது.

பஸ் ஸ்டாண்டே அண்ணாந்து படித்துக்கொண்டிருந்தது.

பதினோரு மணிக்கு ராசாத்தி குழுவின் முன் நின்றாள். களத்து மாவு முழங்கைவரை வெள்ளையாகப் படிந்திருந்தது, கழுவியும் போகாத வெள்ளை. இலக்கியா அம்மாவின் முகத்தைப் பார்க்கத் துணியாமல் காலைப் பார்த்தாள். தாளாளரும் வந்து உட்கார்ந்திருந்தார்.

முதல்வர் தொண்டையைச் செருமினார். "உங்க பொண்ணு போன்ல உங்ககிட்ட என்ன சொன்னா? குழுவுக்கு முன்னாடி சொல்லுங்க."

"எப்பங்க?"

"போன வாரத்துக்கு முந்துன ஞாயித்துக்கெழம."

ராசாத்தி யோசித்தாள். "ஒண்ணுமே காதுல உழுகலீங்க."

முதல்வர் பேச்சுப் பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார்.

"அரவை மிசினு ஓடிட்டு இருந்துச்சுங்க. புள்ள என்னமோ பேசுனா. செரி, நல்லாச் சாப்புடுன்னு நானாச் சொல்லிப்போட்டு வெச்சுட்டனுங்க."

"அப்ப முட்டை விசயம் உங்களுக்குத் தெரியாதா?"

"இப்பத் தெரியுமுங்க. பஸ் ஸ்டாண்டுல இத்தாப் பெருசா எழுதி வெச்சிருக்கீங்களே. எழுத்துக்கூட்டிப் படிச்சனுங்க. படமும் போட்டிருந்துச்சா, செரமமில்லாமப் புரிஞ்சுது."

குணசீலன் மெதுவாக ஒரு தாளை எடுத்துக் கோடு போட ஆரம்பித்தார்.

தமிழரசுவுக்கு மட்டும் இன்னும் பொருள் பிடிபடவில்லை. "அம்மா, நீங்க ஜவ்வரிசி பரப்புகிறவர்கள்தானே? உங்க வேலையில எதைப் பரப்புறதுன்னு சொல்வீங்க?"

"காயப்போடறதுங்களா? மூட்டையக் கொண்டாந்து கொட்டுனா அது குமியாத்தானுங்க கெடக்கும். பலகையப் புடிச்சு இழுத்தாத்தானுங்க களம் பூராப் போவும். கொட்ட ஒரு ஆளு, இழுக்க நாலு ஆளு." அவள் மகளைப் பார்த்தாள். "இந்தப் புள்ள மூட்டையவே அவுக்கலீங்களே. பலகையப் புடிச்சது ஆருங்க?"

அவள் தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். குணசீலன் அதற்கான பதிலைப் படித்தார்.

"அளவு முடிஞ்சுதுங்க. இலக்கியா பரப்புனது பூச்சியம் பேரு. வார்டன் சாலம்மாள், பதிவேடு மூலமா ஒருத்தர். முதல்வர் ஐயா, சுற்றறிக்கை மூலமா மூவாயிரத்து இருநூறு. கரஸ்பாண்டென்ட் ஐயா, ஃப்ளெக்ஸ் மூலமா..." தாளைத் திருப்பினார். "ராசிபுரம் வழியாப் போற பஸ் எண்ணிக்கை கெடைக்கலீங்க. கெடைச்சதும் சேத்தர்றேன்."

தாளாளர் செங்கோட்டையன் மீசையைத் தடவினார்.

"மொதல்ல ஒண்ணு சொல்லிப்போடறேன். நம்ம ஆஸ்டல்ல பாதி முட்டை குடுக்கறதே இல்ல. ஒரு முட்டைய ரெண்டு பேருக்கு முழுசாக் குடுக்கறோம். பகிர்ந்து திங்கற பழக்கம் வரட்டும்னு. அது கெடக்கட்டும். விதிப்படி பரப்புனவனுக்கு டி.சி.ங்கறீங்க. ஆருக்குக் குடுக்கறது? நவநீதகிருஷ்ணனுக்குக் குடுத்தா ஸ்கூல ஆரு பாக்கறது? எனக்குக் குடுத்தா ஃப்ளெக்ஸுல ஆரு போட்டோவப் போடறது?"

தாளாளர் குணசீலன் பக்கம் திரும்பினார்.

"இந்தப் புள்ள எத்தன மார்க் எடுக்கும்?"

"அறுநூத்துக்கு ஐநூத்தி எம்பதத் தாண்டுமுங்க" என்றார் குணசீலன்.

"யோவ், அத மொதல்லயே சொல்றதில்லயா!"

பீரோ திறந்தது. ஹால் டிக்கெட் வெளியே வந்தது. ஆனால் கைக்கு வருவதற்கு முன் ஒரு உறுதிமொழித் தாள் வந்தது. தாளாளர் உத்தரவுப்படி நாளை முதல் விடுதியில் முழு முட்டை. இனி யார் சொன்னாலும் அந்தச் செய்தி பொய்யாகிவிடும் அல்லவா? அதனால் இலக்கியா எழுதித் தர வேண்டியது: "விடுதியில் முழு முட்டை வழங்கப்படுகிறது என்ற செய்தியை எவரிடமும் பரப்ப மாட்டேன்."

"முழு முட்டைன்னு வெளிய தெரிஞ்சா, முன்னால பாதி வெச்சம்னு ஆயிருமல்ல" என்று தாளாளர் விளக்கினார்.

இலக்கியா கையெழுத்துப் போட்டாள். இரண்டு கையாலும் ஹால் டிக்கெட்டை வாங்கினாள். வெளியே வந்ததும் ராசாத்தி அதை வாங்கி, மகளின் போட்டோவைப் பார்த்தாள். "கறுத்துப் போயிட்டியே சாமி" என்றாள். பிறகு மில்லுக்கு மதியத்துக்குமேலாவது போகலாம் என்று ஓட்டமாகப் போய்விட்டாள்.

வியாழக்கிழமை தட்டில் முழு முட்டை விழுந்தது. தொள்ளாயிரம் பேரும் அதைக் கொஞ்ச நேரம் உருட்டிப் பார்த்துவிட்டுத்தான் தின்றார்கள். வெள்ளிக்கிழமை முட்டையே இல்லை. சனிக்கிழமை முழு முட்டை. ஞாயிற்றுக்கிழமை மறுபடி இல்லை.

"இதான்டி கணக்கு" என்றாள் தனப்பிரியா, வெறும் சோற்றைப் பிசைந்துகொண்டே. "முன்ன முட்டைய நூலுல அறுத்தாங்க. இப்ப வாரத்த அறுக்கறாங்க."

அன்று சாயங்காலம் போன் முறை. மறுநாள் தமிழ்த் தேர்வு. ஹால் டிக்கெட் இலக்கியாவின் ஜியாமெட்ரி பாக்ஸுக்குள் நாலாக மடிந்து பத்திரமாக இருந்தது. அவள் நம்பரை அழுத்தி ஸ்பீக்கரில் போட்டாள். சாலம்மாள் பதிவேட்டைத் திறந்து தேதி போட்டார்.

இந்த முறை அந்தப் பக்கம் இரைச்சல் இல்லை.

"மிசினுக்கு எட்டத் தள்ளி வந்து நிக்கறேன் சாமி" என்றாள் ராசாத்தி. "இப்ப எல்லாம் நல்லாக் கேக்குது. முட்டை ஒழுங்கா வெக்கறாங்களா? இன்னிக்கி வெச்சாங்களா?"

சாலம்மாளின் பேனா மூடி கழன்றது. பேனா முனை தாளுக்கு மேலே காத்து நின்றது.

இலக்கியா அந்த முனையைப் பார்த்தாள். இரண்டு வாரமாக அதற்குப் பயந்து கிடந்தவள் அவள். இப்போது வந்தது சிரிப்பு. உதட்டைக் கடித்து அதை அடக்கினாள். முழு முட்டையைப் பற்றித்தான் பேச மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருந்தாள். இல்லாத முட்டையைப் பற்றி அந்தத் தாளில் ஒரு வார்த்தையும் கிடையாது.

அவள் போனை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, மிகவும் பணிவாகக் கேட்டாள்.

"வார்டனம்மா, இத எங்கம்மாகிட்ட நானே சொல்லிரட்டுங்களா, இல்ல எப்பிடியும் சுத்தறிக்கை வந்துருமுங்களா?"